துருப்பிடித்ததை யார் தூக்குவது?

காற்றாலை நிறுவனத்தில் வேலை என்று சொன்னால் ஊரில் எல்லோரும் நான் டவரில் ஏறி ஸ்பேனர் பிடிக்கிறேன் என்றுதான் நினைக்கிறார்கள். அம்மா இன்னும் போனை வைக்கும்போது "பாத்து ஏறுப்பா" என்கிறாள். உண்மையில் என் வேலை டீ குடிப்பது. தெற்கு ஆஸ்திரேலியாவில் அடிலெய்டுக்கு வடக்கே, மிட் நார்த் என்று சொல்லப்படும் கோதுமை, செம்மறியாட்டுப் பகுதியில், பண்ணை பண்ணையாகப் போய், அடுக்களை மேசையில் வரைபடத்தை விரித்து, நான்கு மூலைக்கும் டீக் கோப்பையை வைத்து, "உங்கள் மேட்டில் ஆறு காற்றாலை வைக்கலாமா" என்று கேட்பது. படித்தது மின் பொறியியல். அலுவலகத்தில் உட்கார்ந்து கிரிட் (மின்கட்டமைப்பு) இணைப்புக் கணக்குகள் போட்டுக்கொண்டிருந்தவனை, நில உரிமையாளர்களிடம் பேசுகிறவர் திடீரென்று வேலையை விட்டுவிட்டார் என்று, மூன்று மாதம் மட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். நான்கு வருடம் ஆகிறது.

எங்கள் திட்டத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. கீழே பெயர் சொல்லி எழுதுகிற திட்டங்கள் எதிலும் நான் வேலை செய்ததும் இல்லை. இதை எழுத வைத்தது ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட ஒரு கேள்வி. கேட்டு இரண்டு வருடமாகிவிட்டது. அன்றைக்கு நான் பதில் சொன்னேன், ஆனால் அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இந்த ஊரில் எண்பது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நானும் கூப்பிடுகிறேன், ஆனால் ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் ஒரு "ஐயா" சேர்த்துக்கொள்கிறேன். இங்கே அவரைப் பெரியவர் என்றே எழுதுகிறேன்.

கோய்டர் கிழித்த கோடு

அடிலெய்டிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் பர்ரா. ஊர் தாண்டியதும் சாலைக்கு இடது பக்கம் கோதுமைத் தாள், வலது பக்கம் சாம்பல் நிற உப்புப் புதர் என்று நிலம் இரண்டாகப் பிரிகிறதை வண்டியிலிருந்தே பார்க்கலாம். 1865-இல், பெரும் வறட்சியின் நடுவில், ஜார்ஜ் கோய்டர் என்கிற தலைமை நில அளவையாளர் குதிரையில் போய் இந்த எல்லையை வரைபடத்தில் கோடாகக் கிழித்தார். கோட்டுக்குத் தெற்கே மழையை நம்பி விதைக்கலாம். வடக்கே கூடாது, ஆடு மாடு மேய்க்கலாம், அவ்வளவுதான். அவர் கையில் மழைக்கணக்கு என்று பெரிதாக ஒன்றுமில்லை. எந்தச் செடி எங்கே நிற்கிறது என்று பார்த்தே சொன்னார்.

அப்புறம் 1870-களில் சில வருடம் மழை கொட்டியது. கோய்டரைக் கேலி செய்தார்கள். ஏர் போகிற இடத்துக்குப் பின்னாலேயே மழையும் வரும் என்று அப்போது ஒரு நம்பிக்கை, படித்தவர்களுக்கும் இருந்தது. 1874-இல் அரசாங்கமே கோட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, நிலத்தைத் திறந்துவிட்டது. சனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வடக்கே போனார்கள், கல்லை உடைத்து வீடு கட்டினார்கள், கிராமம் பிரித்தார்கள், தெருவுக்கெல்லாம் பெயர் வைத்தார்கள். 1880-களில் வறட்சி திரும்பி வந்தது. விட்டுவிட்டுப் போனார்கள். அந்த வீடுகள் இன்னும் நிற்கின்றன. கூரை இல்லை, சன்னல் இல்லை, புகைக்கூண்டு மட்டும் நிமிர்ந்து நிற்கும், பக்கத்தில் ஒரு பெப்பர்கார்ன் மரம் இருக்கும் (நம்ம மிளகு இல்லை, சும்மா நிழலுக்கு வைத்தது). சுற்றுலா வருகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பர்ராவே அப்படி ஒரு ஊர்தான். 1845-இல் செம்பு கிடைத்தது. உலகத்தின் பெரிய செம்புச் சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. தங்க இடமில்லாமல் 1851-இல் சுமார் 1,800 பேர் ஓடைக்கரையைக் குடைந்து பொந்துக்குள் குடியிருந்தார்கள். 1877-இல் மூடிவிட்டார்கள். நடுவில் 1970-களில் திரும்ப வந்து கொஞ்ச காலம் தோண்டினார்கள். குழி இன்னும் இருக்கிறது, அடியில் பச்சை நிறத் தண்ணீர். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், இந்த மண்ணில் ஒருத்தர் "பெரிய திட்டம்" என்று வரைபடத்தோடு வந்து நின்றால், எதிரே உட்கார்ந்திருப்பவர் மனதில் என்ன ஓடும் என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். எங்களுக்கு முன்னால் வந்தவர்களின் பட்டியல் அவருக்குத் தெரியும். போனவர்களின் பட்டியலும் தெரியும்.

ஏன் இங்கே, எதற்கு பேட்டரி

இந்தப் பக்கத்து மலைத்தொடர்கள் பெரும்பாலும் வடக்குத் தெற்காக ஓடுகின்றன, மேற்கிலிருந்து வரும் காற்று குறுக்கே மோதுகிறது. இராத்திரியில் இன்னும் நன்றாக அடிக்கும். மரம் குறைவு, வீடு குறைவு, பெரிய மின்பாதை பக்கத்திலேயே போகிறது. பர்ராவுக்குப் பக்கத்தில் ராபர்ட்ஸ்டவுன் துணை மின்நிலையத்திலிருந்துதான் நியூ சவுத் வேல்ஸ் வரைக்கும் சுமார் 900 கிலோமீட்டர் புதிய பாதை தொடங்குகிறது. காற்று எங்கே என்பதைவிடக் கம்பி எங்கே என்பதுதான் இந்தத் தொழிலில் முதல் கேள்வி. அருமையான காற்று உள்ள இடத்தையெல்லாம் கம்பி இல்லை என்று விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

பேட்டரிக் கதை 2016 செப்டம்பர் 28-இல் தொடங்குகிறது. அன்று சாயங்காலம் சூறாவளிப் புயலில் இருபதுக்கும் மேற்பட்ட உயரழுத்தக் கோபுரங்கள் சாய்ந்து, மாநிலம் முழுக்க மின்சாரம் போனது. ஒரு மாவட்டமோ நகரமோ இல்லை, முழு மாநிலம், எட்டரை லட்சம் இணைப்புகள். கோபுரம் விழுந்ததுதான் ஆரம்பம், ஆனால் கதை அதோடு முடியவில்லை. பாதையில் அடுத்தடுத்து மின்னழுத்தம் விழுந்து எழுந்தபோது, இத்தனை தடவைக்கு மேல் இப்படி ஆனால் உற்பத்தியைக் குறைத்துக்கொள் என்று ஒன்பது காற்றாலைத் தொகுதிகளின் மென்பொருளில் ஒரு எண் எழுதி வைத்திருந்தார்கள். அந்த எண் கிரிட்டை நடத்துகிறவர்களுக்கே தெரியாது. ஏழு வினாடிக்குள் 456 மெகாவாட் காணாமல் போனது, பக்கத்து மாநிலமான விக்டோரியாவிலிருந்து வரும் பாதை அந்தப் பளுவைத் தாங்காமல் துண்டித்துக்கொண்டது, முடிந்தது. காற்றாலையை வெறுப்பவர்கள் "காற்றாலைதான் காரணம்" என்றார்கள், விரும்புகிறவர்கள் "புயல்தான் காரணம்" என்றார்கள். கணக்குப் போடுகிற ஆளாக நான் சொல்வேன், ஒரு எண்தான் காரணம். யாரோ ஒருவர் அமைத்துவிட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் விட்ட எண்.

அதற்குப் பிறகுதான் ஜேம்ஸ்டவுனுக்கு வடக்கே, 99 காற்றாலைகள் உள்ள ஹார்ன்ஸ்டேல் தொகுதிக்குப் பக்கத்தில், அப்போது உலகத்திலேயே பெரியதான லித்தியம் பேட்டரி வந்தது: ஒரே நேரத்தில் 100 மெகாவாட் தள்ளும், மொத்தம் 129 மெகாவாட்-மணி சேமிக்கும். நூறு நாளில் முடிக்காவிட்டால் இலவசம் என்று ஈலான் மஸ்க் சவால் விட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். நாள் எண்ணத் தொடங்கும்போதே பாதி பேட்டரி வைத்தாகிவிட்டது என்பது அவ்வளவாக நினைவிருக்காது. 2017 டிசம்பர் முதல் தேதி திறந்தார்கள். இரண்டே வாரத்தில் விக்டோரியாவில் லாய் யாங் நிலக்கரி நிலையத்தின் 560 மெகாவாட் அலகு ஒன்று திடீரென்று நின்றபோது, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இந்த பேட்டரி மின்சாரத்தைத் தள்ளிக் கிரிட்டின் அதிர்வெண் சரியாமல் பிடிக்கக் கை கொடுத்தது. தள்ளியது கொஞ்சம்தான். அளவை விட வேகம்தான் அங்கே பேசியது.

கூட்டங்களில் இதை விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். காற்று இல்லாத வாரத்தை பேட்டரி காப்பாற்றும் என்று நம்பி வருகிறவர்கள் உண்டு. காப்பாற்றாது. 129-ஐ 100-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒன்றேகால் மணி நேரம் கொஞ்சம் கூட. இப்போது வைக்கிறவை பெரும்பாலும் இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம். அதற்கு வேறு வேலை இருக்கிறது. நண்பகலில் வீட்டுக் கூரைகளின் சூரியத் தகடுகள் பொங்கி வழிந்து, மின்சார விலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். அப்போது வாங்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்கு வந்து அடுப்பைப் போடும்போது விற்பது. சந்தையில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு விலை. நம்ம ஊர் காய்கறிச் சந்தையில் காலையில் வாங்கிச் சாயங்காலம் விற்கிறவருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும், பொறியாளர்களுக்குத்தான் நேரமாகிறது.

பர்ராவுக்குப் பக்கத்தில் கோய்டர் சவுத் என்று 75 காற்றாலைகள், 412 மெகாவாட் வைத்திருக்கிறார்கள். கோட்டைக் கிழித்தவர் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அந்தக் காற்றையும் பிளைத் என்ற ஊரின் பேட்டரியையும் சேர்த்து, 70 மெகாவாட்டை இராப்பகல் சீராகக் கொடுக்கிறோம் என்று பிஎச்பி என்கிற சுரங்க நிறுவனத்தின் ஒலிம்பிக் டாம் சுரங்கத்தோடு ஒப்பந்தம். அங்கே எடுப்பதும் செம்பு. பர்ராக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம்

சிக்கல் எல்லாம் வேலியில்தான். மேடு யார் நிலத்தில் இருக்கிறதோ அவருக்கு ஒரு காற்றாலைக்கு வருடத்துக்கு இத்தனை ஆயிரம் டாலர் என்று குத்தகை வரும், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும். அதே மேட்டைக் காலையில் எழுந்து சன்னல் வழியாகப் பார்க்கிற பக்கத்துப் பண்ணைக்காரருக்கு, முன்பெல்லாம், ஒன்றுமே கிடையாது. இரண்டு குடும்பமும் ஒரே கால்பந்து அணியில் ஆடியவர்கள், ஒரே தீயணைப்பு வண்டியில் ஏறுகிறவர்கள். இப்போது அண்டை வீட்டாருக்கும் ஒரு தொகை கொடுக்கிறோம், அது சமாதானமா வாயடைப்பா என்று அவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. விக்டோரியாவில் பால்ட் ஹில்ஸ் காற்றாலை வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம், இராத்திரிச் சத்தம் தூக்கத்தைக் கெடுத்தது உண்மைதான் என்று அண்டை வீட்டார் இருவருக்கு மொத்தம் 2,60,000 டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அதற்கு முன்பெல்லாம் சத்தம் என்று சொன்னாலே எங்கள் ஆட்கள் உதட்டைச் சுழிப்பார்கள். காற்றாலை வியாதி தரும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை என்று 2015-இல் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சொன்னதை எடுத்துப் போடுவார்கள். அது வியாதியைப் பற்றியது. இவர் கேட்பது தூக்கத்தைப் பற்றி.

பல்லிக்கும் பங்கு உண்டு. பிக்மி நீலநாக்கு என்று ஒரு சிறு அரணை வகை, ஒரு சாண் நீளம்கூட இருக்காது, சிலந்தி தோண்டிவிட்டுப் போன செங்குத்துப் பொந்துக்குள் வாழும். அழிந்தே போய்விட்டது என்று முடிவு கட்டிய பிறகு, 1992-இல் பர்ராவுக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்த ஒரு பழுப்புப் பாம்பின் வயிற்றில் ஒன்று கிடைத்தது. உழாத புல்வெளியில்தான் இருக்கும், உழாத புல்வெளி என்றால் மேடு, மேடு என்றால் நாங்கள். அதனால் ஆய்வாளர்கள் குப்புறப் படுத்துக்கொண்டு, நுனியில் காமிரா வைத்த மெல்லிய குழாயைப் பொந்து பொந்தாக விட்டுப் பார்ப்பார்கள். ஒருமுறை நானும் படுத்துப் பார்த்தேன். சின்னத் திரையில் ஒரு முகம், வாயைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பொந்துக்காக ஒரு காற்றாலையை நகர்த்தினோம், எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஆனால் அன்று வண்டியில் திரும்பும்போது ஒரு பண்ணைக்காரர் சொன்னார், "பல்லி படிவத்தில் இருக்கிறது, நண்பா. நாங்கள் இல்லை."

2023 கடைசியில் எரிசக்திக் கட்டமைப்பு ஆணையர் ஆண்ட்ரூ டயர் ஒன்றிய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். கணக்கெடுப்பில் பதில் சொன்னவர்களில் 92 விழுக்காட்டினருக்கு, நிறுவனங்கள் உள்ளூர்க்காரர்களிடம் பேசும் விதத்தில் திருப்தி இல்லை. கோபமாக இருப்பவர்தான் படிவத்தை நிரப்புவார், அதைக் கழித்துக்கொள்ளலாம். கழித்தாலும் நிறைய மிஞ்சும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021 ஜூலையில் விக்டோரியாவில் ஜீலாங் பக்கத்து மூரபூலில் பெரிய பேட்டரி ஒன்று சோதனையின்போதே தீப்பிடித்து, அடங்க மூன்று நாளுக்கு மேல் ஆனது. எங்கள் கூட்டத்தில் ஒரு பெண்மணி எழுந்து, இங்கே பிடித்தால் யார் அணைப்பார்கள் என்று கேட்டார். உள்ளூர்த் தீயணைப்புப் படை என்று எங்கள் மேலாளர் சொன்னார். மண்டபமே சிரித்தது. இந்தக் கிராமங்களில் தீயணைப்புப் படை என்பது சம்பளமில்லாத தொண்டர்கள். கேள்வி கேட்டவரும், அவருக்கு முன்வரிசையில் இருந்த பன்னிரண்டு பேரும்தான் அந்தப் படை.

கூரையில்லாத வீடு

பெரியவர் நிலம் கோய்டர் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ஆறு காற்றாலைக்கு இடமுள்ள மேடு. மூன்று தடவை டீ குடித்தாகிவிட்டது, மறுக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. நான்காவது தடவை போனபோது வரைபடத்தை விரிக்க விடவில்லை. "வண்டியில் ஏறு" என்றார். நாய் பின்னால் ஏறிக்கொண்டது. கேட்டைத் திறப்பதும் மூடுவதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் வேலை என்பது இங்கே எழுதாத சட்டம், ஐந்து கேட் திறந்து மூடினேன்.

போய் நின்ற இடம் அந்த மாதிரி ஒரு வீடு. அவருடைய கொள்ளுத்தாத்தா கட்டியதாம், மழை பெய்த அந்த நல்ல வருடங்களில். அரை அடிக்கு மேல் கனமான கற்சுவர். வாசல் நிலைக்கு மேலே இருந்த மரத்தைக் கரையான் தின்று, கல் தானாகவே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே தரை முழுக்க ஆட்டுப் புழுக்கை, அடுப்படியில் ஒரு கிடாயின் மண்டையோடு, மூலையில் இரும்புக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பி மட்டும். வெளியே புல்லுக்குள் ஒரு கலப்பை, துருவில் தொட்டால் பொரிந்து கையோடு வருகிறது. சுவரில் சாய்ந்து நின்று, எதிரே எங்கள் மேட்டைக் காட்டினார். "அங்கேதானே வைப்பாய்?" ஆமாம் என்றேன். இங்கிருந்து பார்த்தால் மூன்று தெரியும் என்று இடத்தையும் காட்டினேன், கேட்காமலே.

கொஞ்ச நேரம் கழித்து, "உன் ஊரில் காற்றாலை உண்டா?" என்றார்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. என் ஊர் ஆரல்வாய்மொழி. கணவாய்க்குள் புகுந்து வருகிற காற்று, முப்பந்தல், பஸ் சன்னல் முழுக்கக் காத்தாடி, நான் சின்னப் பையனாக இருக்கும்போதே 1990-களில் வரிசை வரிசையாக வந்தது, முதல் வருடமே முழுத் தேய்மானத்தையும் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று மில் முதலாளிகள் போட்டி போட்டு வைத்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைய இயந்திரம் 225 கிலோவாட், இருபத்துநான்கைச் சேர்த்தால்தான் இப்போது நாங்கள் வைக்கிற ஒன்றுக்கு ஈடாகும் என்றும் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"அப்படியென்றால் முப்பது வருடம் ஆகிவிட்டதே. பழசையெல்லாம் யார் எடுத்தார்கள்?"

"சிலதை எடுத்துவிட்டுப் பெரிதாக வைத்திருக்கிறார்கள்."

"மீதி?"

"நிற்கிறது."

"சுற்றுகிறதா?"

"சிலது."

அவர் அதற்கு மேல் துருவவில்லை. நான்தான் விடாமல், இங்கே அப்படி ஆகாது, ஒப்பந்தத்திலேயே கழற்றும் பொறுப்பு நிறுவனத்துக்கு என்று இருக்கிறது, பழைய இரும்பு விலையிலேயே பெரும்பகுதிச் செலவு வந்துவிடும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன். கேட்டுவிட்டுச் சுவரைத் தட்டினார். "இதைக் கட்டியவரும் போகும்போது கழற்றிவிட்டுப் போகவில்லை. ஆனால் இது கல். குளிரில் என் ஆடு இதற்குள் வந்து குட்டி போடுகிறது. உங்கள் டவருக்குள் ஆடு குட்டி போடுமா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு, "எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று காட்டு" என்றார்.

34-ஆம் பக்கம்

காட்டினேன். வண்டியின் பானட்டில் ஒப்பந்தத்தை வைத்து, காற்றில் பறக்காமல் அவர் முழங்கையை ஊன்றிக்கொள்ள, இருவரும் படித்தோம். கழற்றும் பொறுப்பு நிறுவனத்துக்கு என்று இருந்தது, உண்மை. அதற்கான பிணைத்தொகையை எப்போது வைக்க வேண்டும்? 20-ஆம் வருடத்திலிருந்து. எவ்வளவு? நிறுவனம் மதிப்பிடும் செலவில் பழைய இரும்பின் மதிப்பைக் கழித்தது போக. அடித்தளம்? மேலே ஒரு மீட்டர் அளவுக்கு வெட்டி எடுத்துவிட்டு, நூற்றுக்கணக்கான கனமீட்டர் கான்கிரீட்டை மண்ணுக்குள்ளேயே விடலாம். இது எல்லாமே நான் பலமுறை பார்த்த பக்கம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முதல் பக்கத்துக்குப் போனார். "கையெழுத்துப் போடுகிற இந்தக் கம்பெனி எது?"

அதுதான் இடம். இந்தத் தொழிலில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு தனிக் கம்பெனி பதிவு செய்வார்கள். வங்கி அப்படித்தான் கேட்கும். அந்தக் கம்பெனிக்கு அந்த ஒரு திட்டத்தைத் தவிர உலகத்தில் வேறு சொத்து கிடையாது. கட்டி முடித்ததும் விற்கலாம், வாங்கியவர் இன்னொருவருக்கு விற்கலாம். 20-ஆம் வருடத்தில் அதை யார் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, என் மேலாளருக்கும் தெரியாது. இயந்திரம் கிழடாகி, வருமானம் குறைந்து, கழற்ற வேண்டிய காலம் வரும்போது அந்தக் கம்பெனியில் காசு இல்லையென்றால் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில். எரிசக்தி ஆணையர் அலுவலகமே தன் அறிக்கைகளில், ஒன்றைக் கழற்ற 4 முதல் 6 லட்சம் டாலர் ஆகலாம், 25 வருடக் குத்தகைப் பணம் முழுவதையும் அது தாண்டிவிடலாம் என்று நில உரிமையாளர்களை எச்சரித்திருக்கிறது. அதைப் படித்திருக்கிறேன். படித்தும் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் போய்ச் சொன்னபோது, சட்டப் பிரிவில் "இதுதான் சந்தை நடைமுறை" என்றார்கள். எல்லோரும் 20 போடுகிறார்கள், நாமும் 20. யாரோ போட்ட எண்ணை யாரும் திரும்பிப் பார்க்காத கதைதான், 2016-இல் மாநிலத்தையே இருட்டாக்கிய அதே கதை என்று நான் சொல்லப் போய், அது வேண்டாத பேச்சாகி, இரண்டு வாரம் யாரும் சரியாக முகம் கொடுக்கவில்லை. எட்டு மாதம் இழுத்தது. இந்த நாட்டில் இதற்கு முன்மாதிரியே இல்லை என்றும் சொல்ல முடியாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பெரன்ஸ் ஊரில் 1987-இல் வைத்த ஆறு காற்றாலைகளை 2002-இல் கழற்றிவிட்டார்கள். விக்டோரியாவின் முதல் வணிகக் காற்றாலைத் தொகுதியான காட்ரிங்டன், 2001-இல் வந்தது, 14 காற்றாலைகள். புதிதாக வைப்பது கட்டுப்படியாகாது, கழற்றப் போகிறோம் என்று அதன் உரிமையாளர்கள் 2025-இல் அறிவித்தார்கள். நியூ சவுத் வேல்ஸில் 2024 நவம்பரில் வந்த வழிகாட்டியில் கழற்றும் செலவைக் கணக்கிட ஒரு கணிப்பானே சேர்த்திருக்கிறார்கள். ஆனால் 14-ஐக் கழற்றுவது வேறு, 240 மீட்டர் உயரத்தில் நிற்கிற நூறைக் கழற்றுவது வேறு. ஏற்றிய கிரேனைவிடக் குறைந்த கிரேனில் எதையும் இறக்க முடியாது.

கடைசியில் கிடைத்தது இவ்வளவு: பிணைத்தொகை 12-ஆம் வருடத்திலிருந்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வெளியாள் மதிப்பீடு, இரும்பு விலையில் பாதியை மட்டும் கழிக்கலாம். அடித்தளத்து கான்கிரீட் அங்கேயேதான் கிடக்கும், அதில் அசைய மறுத்துவிட்டார்கள். பெரிய வெற்றி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பெரியவர் வாசித்துவிட்டு, ஆறில் நான்குக்குக் கையெழுத்துப் போட்டார். இடிந்த வீட்டிலிருந்து தெரிகிற மூன்றில் இரண்டை வேண்டாம் என்றார், ஒன்று இருக்கட்டும் என்றார். ஏன் ஒன்று என்று நான் கேட்கவில்லை.

காற்றாலை வேண்டும் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. நிலக்கரிக்காரர்கள் விட்டுவிட்டுப் போகும் குழியோடு ஒப்பிட்டால் நாங்கள் விடுவது ஒன்றுமே இல்லை என்று கூட்டங்களில் நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்த ஒப்பீட்டைச் சொல்வதில்லை, அது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்பதால்.

போன சனவரியில் ஊருக்குப் போனேன். நாகர்கோவில் பஸ்ஸில் ஆரல்வாய்மொழி தாண்டும்போது ஒரு பழைய காத்தாடி, மூன்று இறக்கையில் ஒன்று இல்லை, பூட்டிக் கிடந்தது. அதற்குப் பின்னாலேயே புதிது ஒன்று பெரிதாகச் சுற்றிக்கொண்டிருந்தது. போனில் எடுத்து, குலுங்கிய படத்தைப் பெரியவருக்கு அனுப்பினேன், ஏதோ கடன் பாக்கி மாதிரி. சாயங்காலம் பதில் வந்தது: "அங்கே பழைய இரும்பு என்ன விலை? இரும்பே செலவைக் கொடுத்துவிடும் என்றாயே, பிறகு ஏன் இன்னும் யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை?"

என் சித்தப்பாவுக்கு வடசேரியில் பழைய இரும்புக் கடை. இராத்திரி சாப்பிடும்போது அவரிடமே கேட்டேன். விலையைச் சொன்னார், போன மாதத்து விலையையும் சொன்னார். பிறகு தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "இரும்புக்கு வெல இருக்கு மக்களே. கிரேனுக்கு வாடக யாரு குடுப்பா?" என்றார்.

அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன்.